ஏற்றம் 100 சதவீதம், இறக்கம் 50 சதவீதம்: ஆய்வில் மாற்றத்தை எப்படி அளந்து எழுதுவது?

கேள்வி: தண்டையார்பேட்டை மாணவி

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் ஒரு கல்லூரியில் முதுகலை விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்து வண்டல், பச்சைச் சிப்பிகளின் உடலில் என்ன மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதே என் ஆய்வேட்டின் பொருள். ஆறு கண்ணாடித் தொட்டிகளில் சிப்பிகளை வளர்த்து, வண்டல் இடுவதற்கு முன்பு தொட்டிக்கு மூன்று சிப்பிகளையும், வண்டல் இட்ட பதினான்காம் நாள் மேலும் மூன்று சிப்பிகளையும் எடுத்தேன். செவுளை வெட்டி, பனிக்கட்டியின் மேல் வைத்து அரைத்து, அதிலுள்ள கேட்டலேஸ் நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை எவ்வளவு விரைவாகச் சிதைக்கிறது என்பதை 240 நானோமீட்டர் ஒளியில் அளந்தேன். மூன்று சிப்பிகளின் சராசரியே அந்தத் தொட்டிக்குரிய அளவு.

எளிமைக்காக முழு எண்களாக்கித் தருகிறேன். முதல் தொட்டியில் 20 அலகு 40 ஆனது. இரண்டாவதில் 40 என்பது 20 ஆனது. மூன்றாவதில் 30 என்பது 45; நான்காவதில் 45 என்பது 30; ஐந்தாவதில் 25 என்பது 50; ஆறாவதில் 48 என்பது 24. ஒவ்வொரு தொட்டிக்கும் சதவீத மாற்றத்தைக் கணக்கிட்டு ஆறையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 19.4 சதவீத ஏற்றம் வருகிறது. "எண்ணூர் வண்டல் கேட்டலேஸ் செயல்பாட்டை 19.4 சதவீதம் உயர்த்துகிறது" என்று எழுதி நெறியாளரிடம் கொடுத்தேன். அவர் ஆறு தொட்டிகளின் முன் அளவுகளை மட்டும் தனியே கூட்டிப் பார்த்தார், 208 வந்தது. பின் அளவுகளைக் கூட்டினார்; 209 வந்தது. "எங்கே அம்மா 19 சதவீதம்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். கூட்டலில் பிழையே இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உலோகங்களைப் பிடித்து வைக்கும் மெட்டாலோதயோனின் என்ற புரதத்துக்குரிய மரபணுவின் வெளிப்பாட்டை ஒரு தொட்டியில் மட்டும் கியூ-பிசிஆர் முறையில் (மரபணு நகல்களைப் பெருக்கி அளக்கும் முறை) பார்த்தோம். அது கால் பங்காகக் குறைந்திருந்தது. "400 சதவீதம் குறைந்தது" என்று எழுதியிருந்தேன். அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள். நான்கு மடங்கு கூடினால் 400 என்று சொல்கிறோமே, நான்கு மடங்கு குறைந்தால் ஏன் அப்படிச் சொல்லக் கூடாது? மே மாதம் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும் என்பதால், அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் கடமைப்பட்டிருப்பேன்.

மறுமொழி 1: பெரம்பூர் புள்ளியியலாளர்

வணக்கம். உங்கள் எண்களை முழுமையாகத் தந்தது மிகவும் நல்லது. அதனால்தான் இதற்கு விடை சொல்ல முடிகிறது.

உங்கள் கூட்டலில் பிழை இல்லை என்பது உண்மை. பிழை, நீங்கள் எடுத்துக்கொண்ட அளவுகோலில் இருக்கிறது. 20 என்பது 40 ஆனால் 100 சதவீத ஏற்றம். அந்த 40 மறுபடி 20 ஆனால் 50 சதவீத இறக்கம். போன தூரமும் வந்த தூரமும் ஒன்றுதான், ஆனால் போகும்போது 100 என்றும் வரும்போது 50 என்றும் எழுதுகிறோம். காரணம், வகுக்கும் எண் மாறிவிடுகிறது: ஏறும்போது சிறிய எண்ணாலும் இறங்கும்போது பெரிய எண்ணாலும் வகுக்கிறோம். ஏற்றத்துக்கு மேல் எல்லை கிடையாது. இறக்கமோ 100 சதவீதத்தைத் தாண்டவே முடியாது. இப்படிச் சமமில்லாத இரண்டையும் ஒரே வரிசையில் வைத்துக் கூட்டினால், ஏற்றத்தின் பக்கம்தான் தராசு சாயும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் அட்டவணையில் முன் என்பதைப் பின் என்றும், பின் என்பதை முன் என்றும் மாற்றி, அதாவது காலத்தைத் தலைகீழாக ஓடவிட்டு, அதே கணக்கைப் போடுங்கள். ஏறியதெல்லாம் இறங்கியதாகும், இறங்கியதெல்லாம் ஏறியதாகும். ஆகவே விடை இறக்கமாக வர வேண்டும். ஆனால் மறுபடியும் 19.4 சதவீத ஏற்றமே வரும். முன்னே போனாலும் பின்னே போனாலும் ஏற்றம் என்றே சொல்லும் அளவுகோலை ஆய்வேட்டில் வைக்கக் கூடாது.

இதற்குத் தீர்வு, கழித்துப் பார்ப்பதற்குப் பதிலாக விகிதத்தைப் பார்ப்பதும், விகிதத்தின் மடக்கையை (லாகரிதம்) எடுப்பதும்தான். உங்கள் ஆறு விகிதங்கள் 2, அரை, ஒன்றரை, மூன்றில் இரண்டு, 2, அரை. இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை எடுத்தால் இரு மடங்குக்கு +1, பாதிக்கு −1. ஒன்றரைக்கு +0.58, மூன்றில் இரண்டுக்கு −0.58. கூட்டினால் சுழியம். அதாவது பெருக்குச் சராசரி (ஆறு விகிதங்களையும் பெருக்கி ஆறாம் மூலம் எடுப்பது) சரியாக ஒன்று. சராசரியாக ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. உங்கள் நெறியாளரின் 208-உம் 209-உம் ஏறத்தாழ அதையேதான் சொல்கின்றன.

சதவீதம் என்ற வடிவமே வேண்டும் என்பவர்களுக்காக டிம் கோல் என்னும் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் 2000ஆம் ஆண்டில் ஒரு வழி சொன்னார். இயல் மடக்கையை நூறால் பெருக்கி, அதைச் சமச்சீர்ச் சதவீதம் என்ற பொருளில் எழுதுவது. அதன்படி இரு மடங்காவது +69.3, பாதியாவது −69.3. சிறிய மாற்றங்களில், அதாவது ஐந்து, பத்து என்ற அளவில், இதற்கும் நாம் பழகிய சதவீதத்துக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. மாற்றம் பெரிதாகும்போதுதான் இரண்டும் விலகுகின்றன, அப்போதுதான் இது தேவையும் படுகிறது.

மடக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. சுழியத்துக்கு மடக்கை கிடையாது. கருவியால் கண்டறிய முடியாத அளவு என்று ஏதேனும் ஒரு சிப்பியில் வந்திருந்தால், அதைச் சுழியம் என்று எழுதாமல், கண்டறியும் எல்லைக்குக் கீழ் என்று தனியே குறித்து வையுங்கள்.

உங்கள் எண்களில் எனக்கு வேறொரு கவலையும் இருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன். வண்டல் இடாத தொட்டிகள் ஏதேனும் வைத்திருந்தீர்களா என்பதை மட்டும் தெரிவியுங்கள்.

மறுமொழி 2: திருவொற்றியூர் ஆசிரியர்

கணிதமும் தமிழும் கற்பித்து ஓய்வு பெற்றவன். "400 சதவீதம் குறைந்தது" என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இது கணக்கோடு மொழியும் சேர்ந்த சிக்கல்.

நூறு ரூபாயில் நூறு ரூபாய் குறைந்தால் கையில் ஒன்றுமில்லை. நானூறு குறைவதற்கு அங்கே இடமே இல்லை. உங்கள் மரபணு கால் பங்காகியது என்றால் முக்கால் பங்கு போயிற்று. ஆகவே அது 75 சதவீதக் குறைவு. நான்கு மடங்காகியது என்றால் முன்பிருந்த ஒன்றோடு மூன்று சேர்ந்தது. அது 300 சதவீதக் கூடுதல், 400 அன்று. இரு பக்கமும் நீங்கள் தவறு செய்திருக்கிறீர்கள்.

நம் மொழியில் ஓர் "ஆக" சேர்வதும் சேராததும் பொருளைத் தலைகீழாக்கிவிடும். "30 சதவீதம் குறைந்தது" என்றால் 70 மிஞ்சுகிறது. "30 சதவீதமாகக் குறைந்தது" என்றால் 30தான் மிஞ்சுகிறது. "இரு மடங்காகியது" என்றால் எவருக்கும் ஐயமில்லை. "இரு மடங்கு கூடியது" என்றால் சிலர் இரண்டு என்றும், சிலர் முன்பிருந்த ஒன்றையும் சேர்த்து மூன்று என்றும் படிப்பார்கள். "நான்கு மடங்கு குறைந்தது" என்ற தொடரை நான் எந்த மாணவருக்கும் அனுமதித்ததில்லை. "நான்கில் ஒரு பங்காகியது" என்று எழுதும் வசதி நம்மிடம் இருக்கிறது. எதிலிருந்து எதுவாக ஆயிற்று என்று இரண்டு எண்களையும் எழுதிவிட்டால் "ஆக" விட்டுப்போனாலும் படிப்பவர் தவற மாட்டார்.

மேலே புள்ளியியலாளர் சொன்ன பாதியாக்கும் அளவுகோல் நமக்குப் புதிதன்று. ஒன்று, அரை, கால், அரைக்கால், வீசம் என்று நம் பெரியவர்கள் ஒவ்வொரு படியிலும் பாதியாக்கிப் பெயர் வைத்தார்கள். வீசம் பதினாறில் ஒன்று. ஒன்றிலிருந்து நான்கு படி கீழே. அந்தப் படிகளை எண்ணுவதுதான் இரண்டின் மடக்கை.

மறுமொழி 3: பழைய வண்ணாரப்பேட்டை ஆய்வகம்

வணக்கம் தங்கை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆசிரியர் ஐயா சொன்ன அரை, கால், அரைக்கால் கணக்கை நாங்கள் குழாய்களில் தினமும் செய்கிறோம். டைபாய்டுக்கான வைடால் சோதனையில் நோயாளியின் சீரத்தை 20இல் ஒன்று, 40இல் ஒன்று, 80இல் ஒன்று, 160இல் ஒன்று என்று பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்தக் குழாய் வரை திரிதல் தெரிகிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். முதல் வாரம் 80, அடுத்த வாரம் 160 என்று வந்தால், நோயாளியின் வீட்டார் இரண்டு மடங்கு கூடிவிட்டது என்று பதறுவார்கள். ஆனால் ஒரு குழாய் முன்னே பின்னே போவது கை வேலையிலேயே நேரக்கூடியது. இரண்டு குழாய் நகர்ந்து, நான்கு மடங்காக ஆனால்தான் எதிர்ப்பொருள் உண்மையாகவே ஏறியது என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

உங்கள் பிசிஆர் முடிவும் இதே வகைதான். ஒவ்வொரு சுழற்சியிலும் மரபணு நகல் இரட்டிப்பதால், சிடி எண்ணே (எத்தனையாவது சுழற்சியில் நகல்கள் கண்டறியும் அளவை எட்டின என்ற எண்) ஒரு மடக்கை. ஒப்பீட்டு மரபணுவின் (அளவு மாறாதது என்று கொள்ளும் மரபணு) சிடி எண்ணைக் கழித்த பிறகு இரண்டு சுழற்சி தாமதமாக வந்தால் கால் பங்கு. இரண்டு சுழற்சி முன்னதாக வந்தால் நான்கு மடங்கு. சுழற்சிகளிலேயே சராசரி எடுத்து, கடைசியில் மட்டும் மடங்காக மாற்றுங்கள். மடங்காக மாற்றிவிட்டுச் சராசரி எடுத்தால் கேட்டலேஸில் நேர்ந்ததே மறுபடியும் நேரும். இதைப் போலவே அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவும் ஏற்கெனவே மடக்கைதான். இரத்தத்தின் பிஎச் 7.4இலிருந்து 7.1க்கு வந்தால் நான்கு சதவீதம் குறைந்தது என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் ஹைட்ரஜன் அயனி லிட்டருக்கு 40 நானோமோலிலிருந்து 80க்குப் போயிருக்கிறது, அதாவது இரட்டித்திருக்கிறது. நோயாளி ஆபத்தில் இருக்கிறார். தொட்டியின் வெப்பநிலைக்கும் சதவீதம் போடாதீர்கள். 30 டிகிரி 33 ஆனால் மூன்று டிகிரி கூடியது என்பதுதான் சரி. செல்சியஸின் சுழியம் வெப்பமே இல்லாத நிலை அன்று.

ஆனால் எல்லாவற்றையும் மடங்காகவே எழுதிவிடலாம் என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினின் இரத்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 0.8 என்பது 1.6 ஆகி அங்கேயே நிலைத்தால், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது என்று பொருள். ஏற்கெனவே 4.0 இருப்பவருக்கு அதே 0.8 கூடி 4.8 ஆவது அந்த அளவு பெரிய இழப்பு அன்று. அங்கே மடங்குதான் பேசுகிறது. ஆனால் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புக்கான 2012ஆம் ஆண்டின் பன்னாட்டு வரையறை இரண்டையும் வைத்திருக்கிறது: 48 மணி நேரத்துக்குள் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் கூடினாலும் சரி, ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கானாலும் சரி. ஒன்று வித்தியாசம், மற்றொன்று விகிதம்.

சர்க்கரை நோயாளியின் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 8 சதவீதத்திலிருந்து 7 சதவீதமானால், அது ஒரு புள்ளிக் குறைவா, 12.5 சதவீதக் குறைவா? இரண்டும் சரி. எதைச் சொல்கிறோம் என்று எழுதாவிட்டால்தான் தவறு.

விகிதத்தை மட்டும் சொல்லி அடிப்படை எண்ணை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனில் 1995 அக்டோபரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தம் உறையும் அபாயம் இரண்டு மடங்காகிறது என்று மருத்துவர்களுக்கு எச்சரிக்கை போயிற்று, செய்தியும் பரவிற்று. பெண்கள் பலர் அஞ்சி மாத்திரையை நிறுத்தினார்கள். இரண்டு மடங்கு என்றது எதை? பழைய மாத்திரையில் 7000 பெண்களுக்கு ஒருவர். புதியதில் 7000 பேருக்கு இருவர். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின என்று மதிப்பிட்டார்கள். அந்த எச்சரிக்கையில் பொய் எதுவும் இல்லை. 7000 என்ற எண் மட்டும் மக்களின் காதுக்குப் போய்ச் சேரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. நாம் கையொப்பமிடும் அறிக்கையையும் யாரோ ஒரு பெண் வீட்டில் உட்கார்ந்து படிக்கிறாள் அல்லவா?

கேள்வி கேட்டவர்: தண்டையார்பேட்டை மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன் ஐயா, அதே 19.4 வந்தபோது திகைத்துப் போனேன். அக்கா சொன்னபடி பிசிஆர் முடிவைச் சுழற்சிகளாகவே வைத்துவிட்டேன்.

வண்டல் இடாத தொட்டிகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழவேற்காட்டிலிருந்து கொண்டுவந்த மணலை இட்டு மூன்று கட்டுப்பாட்டுத் தொட்டிகள் வைத்திருந்தேன். அவற்றில் 22 என்பது 36 ஆகவும், 44 என்பது 27 ஆகவும், 33 என்பது 35 ஆகவும் வந்தன. ஏதோ ஒழுங்கில்லாமல் இருப்பதாக நினைத்து, அவற்றைப் பின்னிணைப்பில் மட்டும் சேர்த்திருந்தேன்.

மறுமொழி 4: பெரம்பூர் புள்ளியியலாளர்

நான் கவலைப்பட்டது இதைத்தான். உங்கள் ஆறு தொட்டிகளையும் மறுபடி பாருங்கள். ஏறியவை எவை? 20, 30, 25 என்று தாழ்வாகத் தொடங்கியவை. இறங்கியவை எவை? 40, 45, 48 என்று உயர்வாகத் தொடங்கியவை. விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை. நீங்கள் ஒழுங்கில்லை என்று ஒதுக்கிய கட்டுப்பாட்டுத் தொட்டிகளிலும் அதே ஒழுங்குதான்: தாழ்ந்த 22 ஏறியது, உயர்ந்த 44 இறங்கியது, நடுவிலிருந்த 33 அதிகம் அசையவில்லை.

கேட்டலேஸ் அளக்கச் சிப்பியைக் கொன்றாக வேண்டும் என்பதால், முன்பு அளந்த சிப்பிகளும் பின்பு அளந்த சிப்பிகளும் வேறு வேறு. முதல் முறை தற்செயலாகச் சோர்ந்த மூன்று சிப்பிகள் கையில் அகப்பட்டால் தொட்டியின் முன் அளவு தாழும். இரண்டாம் முறை வழக்கமான சிப்பிகள் கிடைக்கும்போது ஏறியது போலத் தெரியும். உயர்வாகத் தொடங்கியவற்றுக்கு இதன் மறுதலை. 1886ஆம் ஆண்டில் பிரான்சிஸ் கால்டன், பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டபோது விவரித்த சராசரியை நோக்கிய மீள்வு இதுவே. இரத்த அழுத்தம் மிகுந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு மாதம் கழித்து அளந்தால், எதுவும் கொடுக்காமலேயே சராசரி சற்று இறங்கியிருப்பதும் இதனால்தான்.

ஆகவே, ஒவ்வொரு தொட்டியிலும் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள மாற்றம் உங்கள் ஆய்வின் விடையாக இருக்க முடியாது. வண்டல் தொட்டிகளுக்கும் மணல் தொட்டிகளுக்கும் உள்ள வேறுபாடுதான் விடை. நம் சென்னையிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றப் பிரிவினருக்குச் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தது. இரு பிரிவினரும் பெரிதும் தேறினார்கள். முன்னைவிட எவ்வளவு தேறினார்கள் என்பதை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றும் விளங்கியிருக்காது. இரு பிரிவுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்ற 1959ஆம் ஆண்டின் முடிவுதான், படுக்கையில்லாமல் தவித்த ஏழை நாடுகளில் வீட்டிலேயே சிகிச்சை என்ற வழியைத் திறந்தது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சியே.

நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது இது. பின் அளவின் மடக்கையை விளைவாகவும், முன் அளவின் மடக்கையை உடன்காரணியாகவும், வண்டலா மணலா என்பதைப் பிரிவாகவும் வைத்து உடன்மாறுபாட்டுப் பகுப்பாய்வு (தொடக்க அளவின் தாக்கத்தைச் சரிசெய்துகொண்டு பிரிவுகளை ஒப்பிடும் முறை) செய்யுங்கள். தொடக்க அளவிலிருந்து சதவீத மாற்றத்தைப் பகுப்பாய்வது திறன் குறைந்த வழி என்பதை புள்ளியியலாளர் ஆண்ட்ரூ விக்கர்ஸ் 2001இலேயே கணினி உருவகப்படுத்தலால் காட்டியிருக்கிறார்.

ஓர் எச்சரிக்கை. சராசரி விகிதம் ஒன்று என்பதால் "வண்டலால் பாதிப்பில்லை" என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் ஆறு விகிதங்களின் மடக்கைகளுக்கு 95 சதவீத நம்பக இடைவெளியை (தரவோடு பொருந்தும் உண்மை மதிப்புகளின் வீச்சு) கணக்கிட்டேன். மீண்டும் விகிதமாக மாற்றினால் ஏறத்தாழ 0.49 முதல் 2.02 வரை வருகிறது. பாதியாகியிருக்கலாம், இரு மடங்காகியிருக்கலாம், ஒன்றுமே ஆகாமலும் இருக்கலாம் என்பதுதான் ஆறு தொட்டிகள் தரும் சாட்சி. எண்ணூர் மக்கள் அந்த நீரில்தான் வலை வீசுகிறார்கள். பாதிப்பு உண்டு என்று சான்றில்லாமல் சொல்வதும், இல்லை என்று சான்றில்லாமல் சொல்வதும் அவர்களுக்கு ஒரே அளவு தீங்கு.

கேள்வி கேட்டவர்: தண்டையார்பேட்டை மாணவி

இன்று மாலை நெறியாளரிடம் எல்லாவற்றையும் காட்டினேன் ஐயா. கட்டுப்பாட்டுத் தொட்டிகளைப் பின்னிணைப்பிலிருந்து முதன்மை அட்டவணைக்குக் கொண்டுவந்துவிட்டேன். மரபணு வரி இப்போது இப்படி இருக்கிறது: "ஒரு தொட்டியில் மட்டும் அளந்த மெட்டாலோதயோனின் வெளிப்பாடு நான்கில் ஒரு பங்காகியது, இது இரண்டு சுழற்சித் தாமதத்துக்குச் சமம்." கேட்டலேஸ் வரியை இப்படி எழுதியிருக்கிறேன்: "வண்டல் இட்ட ஆறு தொட்டிகளில் பின் அளவுக்கும் முன் அளவுக்கும் உள்ள விகிதத்தின் பெருக்குச் சராசரி 1.0; 95 சதவீத நம்பக இடைவெளி 0.49 முதல் 2.02 வரை, ஒன்பது தொட்டிகளின் முன், பின் அளவுகளும் அட்டவணையில் உள்ளன." மேலும் எத்தனை தொட்டிகள் வைத்தால் இந்த இடைவெளி ஒன்றரை மடங்குக்குள் சுருங்கும் என்பதை நெறியாளர் கணக்கிடச் சொல்லியிருக்கிறார். ஒரே தொட்டியில் மூன்றுக்குப் பதிலாக ஆறு சிப்பிகள் எடுப்பதா, அல்லது தொட்டிகளையே இரட்டிப்பதா என்பதில் உங்கள் கருத்து என்ன?

மறுமொழி 5: பெரம்பூர் புள்ளியியலாளர்

தொட்டிகளைக் கூட்டுங்கள். ஒரே தொட்டிச் சிப்பிகள் ஒரே நீரைப் பகிர்கின்றன. ஆறு எடுத்தாலும் தொட்டிக்குத் தொட்டி உள்ள வேறுபாடு குறையாது. இப்போதுள்ள சிதறலே நீடித்தால், இடைவெளி ஒன்றரை மடங்குக்குள் வர வண்டல் பிரிவுக்கு மட்டும் ஏறத்தாழ 14 தொட்டிகள் வேண்டும். மணல் பிரிவுக்கும் அதே அளவு வைப்பது நல்லது. கல்லூரியில் அத்தனை தொட்டிகளுக்கு இடமில்லை என்றால், இரண்டு தவணையாகச் செய்து, தவணையையும் பகுப்பாய்வில் ஒரு காரணியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.